கந்தைக்கும் ஒரு சரித்திரம் உண்டு

சரித்திரம் என்றதும் அரசரும் அரண்மனையும் போர்க்களமும் நம் நினைவிற்கு வருவது வழக்கமாகிவிட்டது. ஆடையின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்களும் பட்டைப் பற்றியும் பீதாம்பரத்தைப் பற்றியும் டாக்கா நகரத்து மெல்லிய மஸ்லினைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதினார்களேயன்றி, அவற்றை நெய்தவனுடைய இடுப்பில் என்ன இருந்தது, அவனுடைய குழந்தை எதைப் போர்த்துக்கொண்டு உறங்கிற்று என்று ஆராய்ந்தவர் சிலரே. பட்டு பேழையில் இருந்தது, ஆகையால் பிழைத்தது. உழைப்பாளியின் துணியோ உடம்பிலேயே தேய்ந்து, ஒட்டுப் போடப்பட்டு, குழந்தைக்கு ஏணையாகி, பின்பு அடுப்படித் துணியாகி, முடிவில் அடுப்புக்கே இரையாயிற்று.

ஆயினும் அத்துணிக்கும் ஒரு சரித்திரம் உண்டு. கிழிந்த ஆடைகளில் இற்றுப்போன பகுதியை நீக்கி, கெட்டியாக எஞ்சியதை நீளப் பட்டைகளாகக் கத்தரித்து, பட்டையோடு பட்டையை இணைத்துத் தைத்துக் கட்டமாக்கி, கட்டங்களை ஒன்றுசேர்த்துப் போர்வையாக்கும் தொழில் உலகின் பல நாடுகளில் நடந்து வந்திருக்கிறது. ஆங்கிலேயர் அப்போர்வையைக் 'குவில்ட்' என்பர். நம் அண்டை வீட்டு மலாய்க்காரர் அத்தகைய துண்டுத் துணிகளைக் 'காயின் பெர்ச்சா' என்பர். வங்காளத்தார் 'காந்தா' என்பர். நாம் 'கந்தை' என்கிறோம். மற்றவர் நாவில் அது தொழிலின் பெயராக நிற்க, நம் நாவில் மட்டும் வசைச்சொல்லாக நிற்பதற்குக் காரணம் யாது? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கந்தையைச் சட்டமாக்கியவர்கள்

புதுத்துணி வாங்க வகையில்லாமல் கந்தை உடுத்துவது வறுமை. புதுத்துணி கிடைத்தாலும் உடுக்கக்கூடாது என்று தடுப்பது கொடுமை. முன்னது எல்லா நாடுகளிலும் உண்டு. பின்னதற்குச் சாஸ்திரமே எழுதி வைத்த பெருமை நம் தாய்நாட்டைச் சேர்ந்தது.

மனுதர்ம சாஸ்திரத்தின் 10-ஆவது அத்தியாயத்தைப் புரட்டிப் பார்ப்போர் இதனை நன்கறிவர். சண்டாளர் எனப்பட்ட மக்கள் பிணத்தின் மேலிருந்து எடுத்த துணியையே உடுக்க வேண்டும் என்றும், உடைந்த பாத்திரத்திலேயே உண்ண வேண்டும் என்றும், இரும்பு நகையே அணிய வேண்டும் என்றும் 52-ஆவது சுலோகம் விதிக்கிறது. உழைத்துக் கொடுக்கும் சூத்திரனுக்கு உண்டு மிஞ்சிய சோறும் உடுத்துப் பழகிய துணியும் கொடுக்கத் தக்கவை என்பது அதே அத்தியாயத்தின் 125-ஆவது சுலோகத்தின் கருத்து. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது, பழந்துணி என்பது ஏழையின் உடம்பில் தற்செயலாக வந்து ஒட்டிக்கொண்டதன்று என்பது விளங்கும். அது அவனை இன்னான் என்று தூரத்திலிருந்தே கண்டுகொள்வதற்காகச் சூட்டப்பட்ட அடையாளம்.

இவையெல்லாம் ஏட்டில் இருந்த விதிகள். நடைமுறையில் யார் கவனித்தார்கள் என்று சில வைதீக நண்பர்கள் கேட்பதுண்டு. அவர்கள் திருவிதாங்கூர்ச் சரித்திரத்தைப் படிப்பார்களாக. இன்று கன்னியாகுமரி மாவட்டமாக உள்ள தமிழ்ப் பகுதியில், நாடார் குலப் பெண்கள் மார்பின்மேல் துணி போட்டுக்கொள்ளும் உரிமைக்காக 1822-ஆம் ஆண்டு முதல் 1859-ஆம் ஆண்டு வரை போராட நேர்ந்தது. சந்தைகளில் பெண்களின் மேலாடை கிழித்தெறியப்பட்டது. முடிவில் 1859 ஜூலை 26-ஆம் நாள் அரசர் ஒரு பிரகடனம் செய்தார். நாடார் பெண்கள் இரவிக்கை அணியலாம். மீனவப் பெண்களைப்போல முரட்டுத் துணியை மேலே கட்டிக்கொள்ளலாம். ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுக்கும் முறையில் மட்டும் உடுக்கலாகாது என்பதே அப்பிரகடனத்தின் சாரம். உரிமை கொடுக்கும்போதும் துணியின் முரடு எவ்வளவு என்பதை அரசாங்கம் அளந்து கொடுத்தது! பத்தொன்பதாம் நூற்றாண்டில், நீராவி இயந்திரமும் தந்தியும் வந்துவிட்ட பிறகு நடந்தது இது.

ஆகவே 'கந்தை' என்னும் சொல்லில் நமக்கு ஏற்படும் கூச்சம் இயற்கையானதன்று. அது பல தலைமுறைகளாக நமக்குக் கற்பிக்கப்பட்ட கூச்சம்.

புத்தர் உடுத்த பட்டைத் துணி

நிற்க, மனுவின் நூல் எழுதப்படுவதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே, அதே வடநாட்டில், அதே பிணத்துணியை ஒருவர் வேறுவிதமாகக் கையாண்டார். அவர் கௌதம புத்தர்.

பௌத்த பிக்ஷுக்கள் தொடக்க காலத்தில் சுடுகாட்டிலும் குப்பைமேட்டிலும் தெருவோரத்திலும் எறியப்பட்ட துணிகளைப் பொறுக்கி, வெளுத்து, சாயமேற்றி, தைத்து உடுத்தனர். அதற்குப் 'பாம்சுகூலம்' என்று பெயர். புழுதிமேட்டுத் துணி என்பது பொருள். இத்துணிகளை எவ்வாறு இணைப்பது என்பதைப் பற்றி விநய பிடகத்து மகாவக்கம் ஒரு செய்தி கூறுகின்றது. புத்தர் மகத நாட்டில் யாத்திரை செய்யும்போது, அங்குள்ள நெல் வயல்கள் வரப்புகளால் நேர்நேராகப் பிரிக்கப்பட்டு, நெடும்பட்டைகளாகவும் குறும்பட்டைகளாகவும் அமைந்திருப்பதைக் கண்டார். உடன் வந்த ஆனந்தரை நோக்கி, இவ்வயல்களைப்போலச் சீவர ஆடையை அமைக்க உம்மால் ஆகுமா என்று கேட்டார். ஆனந்தர் அவ்வாறே துண்டுகளைப் பட்டைகளாக வெட்டி, தையலை வரப்பாக வைத்து, ஆடையைச் செய்து காட்டினார். புத்தர் அதனைப் பாராட்டி, பிக்ஷுக்களின் ஆடை இனி இவ்வாறே வெட்டித் தைக்கப்பட வேண்டும் என்று விதித்தார். வெட்டி இணைத்த துணியின்மேல் பகைவரும் ஆசைப்படமாட்டார் என்பதும் அங்கே காரணமாகச் சொல்லப்படுகின்றது.

இச்செய்தியில் நாம் கவனிக்கத்தக்கவை இரண்டு. முதலாவது, பட்டை இணைப்புக்கு முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளப்பட்டது கோயிற் கோபுரமன்று, அரசனின் கொடியன்று; உழவனின் வயல். இரண்டாவது, செல்வர்கள் புதுத்துணி கொடுக்க முன்வந்த பின்பும் இம்முறை மாறவில்லை. ஜீவகர் என்னும் மருத்துவர் உயர்ந்த துணியைக் காணிக்கையாகக் கொடுத்தபோது புத்தர் ஏற்றுக்கொண்டார். அது முதல் இல்லறத்தார் தரும் துணியைப் பிக்ஷுக்கள் வாங்கலாயினர். ஆயினும் அந்தப் புதுத்துணியையும் வெட்டிப் பட்டைகளாக்கித் தைத்தே உடுத்தனர். ஆகவே அங்கே போற்றப்பட்டது கிழிசலன்று, இணைக்கும் முறையே.

இம்முறை பௌத்தம் சென்ற இடமெல்லாம் சென்றது. ஜப்பானில் இத்தகைய ஆடையின் பட்டைகளை ஐந்து, ஏழு, ஒன்பது என்று எண்ணிப் பெயரிடுவர். நாரா நகரத்து ஷோசோயின் களஞ்சியத்தில் 8-ஆம் நூற்றாண்டில் ஷோமு சக்கரவர்த்தி உரிமையாக வைத்திருந்த ஏழு பட்டைச் சீவரம் ஒன்று இன்றும் காக்கப்பட்டு வருகின்றது. நம் தமிழகமும் இதற்குப் புறம்பானதன்று. இராசராச சோழன் காலத்தில், 1006-ஆம் ஆண்டையொட்டி, கடாரத்தை ஆண்ட ஸ்ரீவிஜய மன்னன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தை அமைத்தான் என்பதை ஆனைமங்கலச் செப்பேடுகள் கூறுகின்றன. கடாரம் என்பது நாம் வாழும் இந்நாட்டின் கெடாவே. கோலாலம்பூர்த் தமிழர் இதற்காக வெகுதூரம் போகவும் வேண்டுவதில்லை. பிரிக்பீல்ட்ஸில் 1894-ஆம் ஆண்டு சிங்களவர் அமைத்த சங்கத்தின் பௌத்த மகா விகாரை இருக்கின்றது. அங்குள்ள பிக்ஷுவின் மேலாடையைச் சற்றுக் கூர்ந்து நோக்குவோர், அது ஒரே துணியன்று, வயல் வரப்பைப்போல் இணைத்த பட்டைகள் என்பதைக் கண்ணாரக் காணலாம்.

ஒருபுறம் சாஸ்திரம் பழந்துணியை இழிவின் முத்திரையாக்கிற்று. மறுபுறம் ஓர் அறிவாளர் அதையே கண்ணியத்தின் ஆடையாக்கினார். நாம் வசைச்சொல்லை ஏற்றுக்கொண்டு, வயலை மறந்துவிட்டோம்.

வீட்டுப் பெண்களின் கையில்

துறவிகளின் ஆடையைப் பற்றி ஏடுகள் பேசுகின்றன. வீட்டுப் பெண்கள் செய்ததைப் பற்றி ஏடுகள் பேசுவது குறைவு, பொருள்களே பேசுகின்றன. வங்காளத்துப் பெண்கள் உடுத்து நைந்த சேலைகளை இரண்டு மூன்று மடிப்பாக அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஓட்டுத்தையல் போட்டுக் காந்தா செய்தனர்.

கன்னட நாட்டில் உத்தர கன்னட மாவட்டத்துக் காடுகளை ஒட்டிச் சித்தி என்னும் மக்கள் வாழ்கின்றனர். போர்த்துக்கீசியரும் பிறரும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். அப்பெண்கள் 'கவந்தி' என்னும் ஒட்டுப்போர்வையைத் தைக்கின்றனர். ஓர் ஓரத்தில் தொடங்கி, துண்டு துண்டாக வைத்து, சுற்றிச் சுற்றி உள்ளே வந்து நடுவில் முடிப்பது அவர்கள் முறை. நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த துணியைப் 'பூ' என்று வைத்துத் தைப்பர். பூ இல்லாத போர்வை அம்மணமான போர்வை என்பது அவர்கள் கொள்கை. உறங்குவதற்குப் பூ எதற்கு என்று கேட்கலாம். அடிமையாகக் கொண்டுவரப்பட்டவரின் வழிவந்த பெண், இப்போர்வை என் கையால் ஆனது என்று போடும் கையெழுத்து அது.

1942: பருத்தித் தோட்டத்தில் ஒரு போர்வை

இனி, தோட்ட மக்களாகிய நமக்கு மிக நெருங்கிய செய்திக்கு வருவோம்.

அமெரிக்காவில் அலபாமா மாகாணத்தில், ஆற்றின் வளைவுக்குள் மூன்று புறமும் நீர் சூழ ஜீஸ் பெண்ட் என்றொரு கிராமம் இருக்கிறது. 1816-ஆம் ஆண்டு ஜோசப் ஜீ என்பவன் அங்கே பருத்தித் தோட்டம் அமைத்தான். அவன் பெயரே ஊர்ப் பெயராயிற்று. 1845-ஆம் ஆண்டில் அது மார்க் பெட்வே என்பவன் கைக்கு மாறியது. அவன் வட கரோலினாவிலிருந்து ஏறக்குறைய நூறு நீக்ரோ அடிமைகளை அத்தனை தொலைவும் கால்நடையாகவே நடத்திக் கொண்டுவந்தான். அடிமைத்தனம் 1865-இல் சட்டப்படி ஒழிந்தது. மக்களோ அந்த நிலத்திலேயே குத்தகைக் குடிகளாக நின்றனர். எசமானின் பெயராகிய பெட்வே என்பதே இன்றும் அவர்களிற் பலருடைய குடும்பப் பெயர். 1932-ஆம் ஆண்டில், அவர்களுக்குக் கடன் கொடுத்துவந்த வணிகன் ஒருவன் இறந்துபோக, அவன் வீட்டார் ஆட்களை அனுப்பி, மாடு, கலப்பை, தானியம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயினர்.

இத்தகைய வாழ்வில் குளிருக்குப் போர்வை ஏது? உழைத்துத் தேய்ந்த காற்சட்டை, கையில்லாத சட்டை, உரச்சாக்கு, மாவுச்சாக்கு ஆகியவற்றிலிருந்து நல்ல பகுதிகளைப் பட்டைகளாக வெட்டி, அவ்வூர்ப் பெண்கள் போர்வை தைத்தனர். மிசௌரி பெட்வே என்னும் அம்மையார் 1942-ஆம் ஆண்டில் தைத்த போர்வை இவற்றுள் சிறப்பு வாய்ந்தது. முந்திய ஆண்டில் அவருடைய கணவர் இறந்துவிட்டார். அவர் வயலில் உழைத்தபோது உடுத்த துணிகளையே கட்டங்களாகவும் பட்டைகளாகவும் வெட்டி, அவர் நினைவாகப் போர்த்துக்கொள்ள வேண்டும் என்று அப்போர்வையைத் தைத்தார். அப்போது தமக்குத் துணை நின்றதைப் பின்னாளில் மகள் எடுத்துரைத்தார். முழங்காலில் ஒட்டுப் போட்டிருந்த இடம் வெளுக்காமல் நிறம் காத்திருப்பதும், வெயில் பட்ட இடம் வெளுத்திருப்பதும் இத்தகைய போர்வைகளில் தெளிவாகத் தெரியும். அவ்வொவ்வொரு பட்டையும் ஒரு மனிதனின் உழைப்புக் கணக்கு.

அந்தப் போர்வை இன்று வாஷிங்டன் நகரத்துத் தேசியக் கலைக்கூடத்தின் உடைமை. 2002-ஆம் ஆண்டில் ஹூஸ்டன் நகரத்தில் ஜீஸ் பெண்ட் பெண்களின் போர்வைகள் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, தேர்ந்த ஓவியர்களின் படங்களோடு அவற்றை ஒப்பிட்டு அறிஞர்கள் வியந்தனர்.

ஆயினும், அறிஞர் வியந்ததனால் மட்டும் அவ்வூர்ப் பெண்கள் தலைநிமிரவில்லை. அதற்கு முன்பே அவர்கள் போராடினர். அவர்கள் வாக்காளர்களாகப் பதிய முற்பட்டபோது, 1962-ஆம் ஆண்டில் ஊரை நகரத்தோடு இணைத்த படகுப்போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2006-ஆம் ஆண்டில்தான் மீண்டும் படகு ஓடிற்று. 1966-ஆம் ஆண்டில் அவ்வூரையும் அயலூர்களையும் சேர்ந்த பெண்கள் 'சுதந்திரப் போர்வைக் கூட்டம்' என்னும் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, தங்கள் தையலை விற்று வருவாயைப் பங்கிட்டனர். பின்பு நிலம் வாங்கித் தையற்கூடம் கட்டினர். வாக்குரிமை கேட்டதற்காகக் குத்தகை நிலத்திலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்களுக்கு அந்நிலத்தில் மனை கொடுத்தனர். பட்டைத் துணியை இணைக்கத் தெரிந்த கைகளுக்கு மக்களை இணைக்கவும் தெரிந்திருந்தது.

அதே ஆண்டில் மலாயாவில்

அதே 1942-ஆம் ஆண்டில் நம் நாட்டில் நடந்ததைப் பார்ப்போம். பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளும் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டனர். அங்கே சாரணச் சிறுமியர் சிலர் தங்கள் தலைவியின் பிறந்த நாளுக்காகப் பழைய உடைகளிலிருந்து அறுகோணத் துண்டுகள் வெட்டி இரகசியமாக ஒரு போர்வை தைத்தனர். அதைக் கண்ட எத்தல் மல்வேனி என்னும் கனடா நாட்டு அம்மையார், சிறையிலிருந்த பெண்கள் எல்லோரும் ஆளுக்கொரு கட்டம் தைக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு கட்டத்திலும் தைப்பவர் தம் பெயரையும் தம்மைப் பற்றிய ஏதேனும் ஒன்றையும் தைக்க வேண்டும் என்பது நிபந்தனை. இவ்வாறு 66 கட்டங்கள் கொண்ட மூன்று போர்வைகள் தயாராயின. மதில்களுக்கு அப்பால் ஆண்கள் பகுதியில் அடைபட்டிருந்த கணவன்மார், அக்கட்டங்களைக் கண்டு தம் மனைவியர் உயிரோடிருப்பதை அறிய முடிந்தது. அவற்றில் ஒன்று இன்று லண்டனில் செஞ்சிலுவைச் சங்கத்தாரிடம் உள்ளது. மற்ற இரண்டும் ஆஸ்திரேலியாவில் கான்பெரா நகரத்துப் போர் நினைவுக்கூடத்தில் உள்ளன. தைத்தவர்களின் பெயர்களும் அப்படியே உள்ளன.

இனி, அந்நாளில் நம் தோட்டங்களின் நிலை என்ன? கப்பல் வரவில்லை, ஆகையால் துணியும் வரவில்லை. உடுக்கத் துணியின்றி மக்கள் கோணிச் சாக்கைக் கிழித்து உடுத்தனர். ரப்பர்த் தகட்டையும் இடுப்பில் சுற்றிக்கொண்டனர். பல்லாயிரக்கணக்கான தமிழர் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டனர். அங்கே சாக்குத் துணியோடு மாண்டவர் எண்ணிறந்தோர். லயத்தில் நின்ற பெண்கள் ஒட்டின்மேல் ஒட்டுப் போட்டு இரண்டு வேட்டியை ஒன்றாக்கியும், ஒரு சேலையை இரு பெண்களுக்குப் பங்கிட்டும் மூன்றரை ஆண்டுகளைக் கடத்தினர். சாங்கியில் ஊசி பிடித்த கையும் கை. கிள்ளானில் ஊசி பிடித்த கையும் கை. ஆயினும் அங்கே துணியோடு பெயரும் நின்றது; நம்மிடம் துணியும் நிற்கவில்லை, பெயரும் நிற்கவில்லை.

சாங்கிப் பெண்களை நாம் குறைகூறவில்லை. அவர்கள் துன்பத்திலும் தம் பெயரைத் தைத்து வைத்தார்கள், அது பாராட்டத்தக்கது. நம் கேள்வி நம்மைப் பற்றியதே. தோட்ட நிர்வாகத்தின் கணக்கேட்டில் நம் தாய்மார்கள் ஒரு செக்ரோல் எண்ணாக நின்றனர். 1920-களின் இறுதியில் ஆணுக்கு 50 காசு என்றால் பெண்ணுக்கு 40 காசு என்று நாட்கூலி வகுக்கப்பட்டிருந்தது. கிராணியின் ஏட்டில் காசு குறைவு. வீட்டுச் சரித்திரத்தில் பெயரே இல்லை. பெரட்டுக்குப் போய், பால் வெட்டி, மங்கு கழுவி, லயத்துக்குத் திரும்பிய பின் விளக்கடியில் உட்கார்ந்து அவள் ஒட்டுப் போட்ட சிலுவாரையும் கைலியையும் 'பழசு' என்று சொல்லி நாமே வீசிவிட்டோம்.

வறுமையைப் போற்றுவதா?

இங்கே ஓர் ஐயம் எழலாம். சுயமரியாதை பேசுவோர் கந்தையைப் புகழலாமா? ஏழைக்கு எளிமையை உபதேசிப்பது பணக்காரனின் பழைய தந்திரமன்றோ என்று கேட்பீர்களாயின், கேள்வி நியாயமானதே. 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்று ஏழைக்குச் சொன்ன உலகம், அவனுக்கு ஏன் கந்தையே கிடைத்தது என்று கேட்கவில்லை. கூலியை உயர்த்தாமல் சிக்கனத்தைப் போதிப்பவரை நாம் நம்பவேண்டியதில்லை. 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த நம் மக்கள், கூலி உயர்வோடு, துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கமும் ஒழிய வேண்டும் என்று கேட்டனர். அவர்களுக்குக் கூலியும் மரியாதையும் வெவ்வேறாகத் தோன்றவில்லை.

நாம் போற்றுவது கிழிசலையன்று. கிழிசலைக் கண்டு கலங்காமல் அளந்து, வெட்டி, நிறம் பார்த்து, இணைத்த அறிவையே போற்றுகிறோம். அந்த அறிவு வறுமையில் பிறந்திருக்கலாம். வறுமை போனபின் அது சாக வேண்டும் என்பதில்லை.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். ஊசி பெண்ணுக்கே உரியது என்ற எண்ணம் பொய். நகரத்தில் கடை வைத்துத் தையல் இயந்திரம் மிதிப்பவர் பலர் ஆண்களே. காசு வரும் தையல் ஆணுக்கும், காசு வராத தையல் பெண்ணுக்கும் என்று பங்கிட்டதைத் தவிர வேறு நியாயம் இதில் இல்லை. கீழே கூறப்படும் முறையைப் பிள்ளைகளில் ஆண் பெண் இருபாலாரும் கற்க வேண்டும் என்பது நம் கருத்து.

ஒரு கட்டம் தைக்கும் முறை

முதன்முதல் ஊசி எடுப்பவர்க்கு மிக எளியது மூன்று பட்டைக் கட்டம். பழைய பருத்திச் சேலை, கைலி, சட்டை இவற்றை வெந்நீரில் துவைத்துக் காயவைக்க. சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கிவிடும். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் இற்றுப்போன இடம் தெரியும், அதை நீக்குக. ஒரே தடிப்புள்ள துணிகளையே ஒன்றோடொன்று சேர்க்க வேண்டும். சிலுவார்த் துணியையும் சேலைத் துணியையும் ஒரே கட்டத்தில் வைத்தால், தடித்தது மெல்லியதைக் கிழித்துவிடும்.

பாவு நூல் ஓடும் வாக்கிலேயே 2½ அங்குல அகலமும் 40 அங்குல நீளமும் உள்ள பட்டைகளாக வெட்டுக. வாக்குத் தவறி வெட்டிய பட்டை இழுபட்டு வளையும். ஒரு கருநிறம், ஒரு நடுநிறம், ஒரு வெளிர்நிறம் என மூன்றைத் தேர்ந்துகொள்க. இரண்டு பட்டைகளின் நல்ல பக்கம் ஒன்றையொன்று பார்க்க வைத்து, ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே தைக்க வேண்டும். பின்பு மூன்றாவதை அவ்வாறே இணைக்க. இந்தக் கால் அங்குலமே தொழிலின் உயிர். ஒரு கட்டத்தில் ஓர் இழை தவறினால் தெரியாது. பத்துக் கட்டங்கள் சேரும்போது போர்வையே கோணிவிடும். ஒவ்வொரு தையலையும் முடித்தவுடன் உட்பக்க ஓரங்களைக் கருநிறப் பட்டையின் பக்கமாகச் சாய்த்து இஸ்திரி போடுக.

மூன்று பட்டைகளும் இணைந்தபின் அகலம் 6½ அங்குலம் இருக்கும். நீளவாக்கிலும் 6½ அங்குலத்துக்கு ஒன்றாக வெட்டினால் ஆறு கட்டங்கள் கிடைக்கும். இனி, ஒரு கட்டத்தின் பட்டைகள் நிமிர்ந்து நிற்கவும் அடுத்த கட்டத்தின் பட்டைகள் படுத்திருக்கவுமாக மாற்றி மாற்றி வைத்து இணைக்க வேண்டும். நான்கு கட்டங்கள் சேர்ந்தவுடனே வேலிக்கம்புகளைப்போல ஓர் அழகு தானே தோன்றும். தைத்து முடிந்த கட்டம் ஒவ்வொன்றும் 6 அங்குலமாக நிற்கும். நான்கடி அகலமும் ஆறடி நீளமுமான போர்வைக்கு அகலத்தில் 8, நீளத்தில் 12, ஆக 96 கட்டங்கள் வேண்டும். அதற்கு மேற்சொன்ன அளவில் 48 பட்டைகள் போதும். நம் நாட்டு வெப்பத்திற்குப் பஞ்சு வைக்க வேண்டுவதில்லை. அடியில் ஒரு பழைய சேலையை இருமடிப்பாக விரித்து, மூன்றையும் சேர்த்து வரிசை வரிசையாக ஓட்டுத்தையல் போட்டு, ஓரம் மடித்துத் தைத்தால் வேலை முடிந்தது.

முடிந்தது என்றோமா? இன்னும் ஒன்று உண்டு. போர்வையின் பின்புறத்து மூலையில், தைத்தவர் பெயர், ஊர், ஆண்டு ஆகிய மூன்றையும் நூலால் எழுத வேண்டும். அத்துணிகளை முன்பு உடுத்தவர் பெயரும் தெரிந்தால் அதையும் எழுதுக. சாங்கிப் பெண்கள் செய்ததும் மிசௌரி அம்மையாரின் மகள் நினைவில் வைத்ததும் இதுவே.

செய்யத்தக்கது

ஒரு காலத்தில் ஈயச் சுரங்கங்களும் ரப்பர்த் தோட்டங்களும் விளங்கிய கோம்பாக் வட்டாரத்தில் இன்று செலாயாங் முதல் பத்துமலை வரை கடைகளும் தொழிற்சாலைகளும் அடுக்குமாடிகளும் நிறைந்துவிட்டன. தோட்டம் விட்டு வந்த குடும்பங்களில் பல இம்மாடிகளில் இருக்கின்றன. லயம் போயிற்று, கோயில் ஆலமரம் போயிற்று, பல இடங்களில் பள்ளிக்கூடமும் இடம் பெயர்ந்தது. பெட்டியின் அடியில் பாட்டியின் சேலை ஒன்று, தாத்தாவின் வேட்டி ஒன்று, தந்தையின் வேலைச்சட்டை ஒன்று இன்னும் சில வீடுகளில் எஞ்சியிருக்கக்கூடும். அடுத்த வீடு மாறும்போது அவையும் குப்பைக்குப் போகும்.

நம் மக்கள் இணைப்பின் வலிமையை அறியாதவர்களல்லர். 1950-களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரர் விற்ற தோட்டங்கள் துண்டு துண்டாக்கப்பட்டு, தொழிலாளர் நிற்க இடமின்றித் தவித்தபோது, துன் வீ. தி. சம்பந்தன் 1960-ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால் வெட்டும் தொழிலாளர் சிறு தொகை சிறு தொகையாகச் செலுத்தினர். அத்தொகைகள் சேர்ந்து தோட்டங்களையே வாங்கின. துண்டாடலுக்கு மருந்து துண்டுகளை இணைப்பதே என்று அன்று நம் மக்கள் கண்டனர்.

அதே வழியில் ஒரு சிறு காரியத்தை மாதர் சங்கங்களும் வாசகசாலைகளும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கழகங்களும் எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு ஒரு கட்டமாக, அவ்வீட்டில் உழைத்தவரின் துணியிலிருந்தே தைத்துச் சேர்க்கட்டும். கட்டத்தில் அவர் பெயரும், அவர் வேலை செய்த தோட்டத்தின் பெயரும் இருக்கட்டும். 96 வீடுகள் சேர்ந்தால் ஒரு போர்வை. இடிக்கப்பட்டு மறைந்த தோட்டங்களின் பெயர்களை வேறெந்த ஏட்டிலும் தேட வேண்டாதபடி அப்போர்வை சொல்லும். பள்ளியின் சுவரில் அதனைத் தொங்கவிட்டால், நம் குழந்தைகள் எழுத்துக்கூட்டி முதலில் படிக்கும் பெயர்களில் அவர்களுடைய பாட்டிமார் பெயரும் ஒன்றாகும்.

இதற்குப் பெரும் பணம் வேண்டுவதில்லை. அரசாங்க உத்தரவு வேண்டுவதில்லை. புரோகிதர் நாள் குறிக்க வேண்டுவதுமில்லை. ஊசியும் நூலும் ஒரு பழைய சேலையும் போதும். பெட்டியைத் திறந்து பார்த்து, இன்னார் உடுத்தது இது என்று சொல்லக்கூடிய முதியவர்கள் நம்மோடு இருக்கும்போதே இதனைத் தொடங்குவது நலம்.